காத்திருக்கும் நேரத்தின் கூலி

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மாலை ஏழு மணிக்கு ஜவுளிக் கடைகளின் வெளிச்சத்தில் ஜனங்கள் தோளோடு தோள் உரசி நடந்துகொண்டிருக்கும் வேளையில், அக்கடைகளின் பின்புறத்துச் சந்துகளில் இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் இருக்கின்ற சிறிய அறைகள் சிலவற்றில், ஒரு சிலருக்கு அன்றைய வேலைநாள் அப்போதுதான் ஆரம்பமாகிறது. அவர்கள் எந்தக் கம்பெனிக்கும் சிப்பந்திகள் அல்லர். எந்த வருகைப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் கிடையாது. மாதத்தின் முதல் தேதிக்கு அவர்கள் வாழ்க்கையில் விசேஷ அர்த்தம் எதுவும் இல்லை. நியூயார்க்கில் உள்ள ஒரு சிறு வியாபாரியின் இணையக் கடையைச் செப்பனிடுவதும், லண்டனில் உள்ள ஒரு பல் மருத்துவருக்கு நோயாளிகளின் முன்பதிவைக் கவனிக்கும் மென்பொருளை எழுதித் தருவதும், எங்கோ ஒருவர் தயாரித்த கைப்பேசிச் செயலியில் எங்கெங்கே பிழை மறைந்திருக்கிறது என்று அழுத்தி அழுத்திப் பார்த்துச் சொல்வதும் அவர்களுடைய ஜீவனம். தங்களை ‘ஃப்ரீலான்ஸர்’ என்றோ ‘கான்ட்ராக்டர்’ என்றோ அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். தெருவில் உள்ளவர்கள் ‘வீட்டுலயே கம்ப்யூட்டர் வேலை செய்யுற புள்ள’ என்று சொல்கிறார்கள்.

நிதி ஆயோக் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையொன்று, நிரந்தர உத்தியோகத்தின் எல்லைக்கு வெளியே இவ்வாறு அவ்வப்போது கிடைக்கும் பணியைக் கொண்டு பிழைப்போரின் தொகை 2020-21-இல் 77 லட்சம் என்றும், 2029-30-இல் அது 2 கோடியே 35 லட்சமாக உயரக்கூடும் என்றும் கணித்தது. இவ்வகைப் பணிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 22 பங்கு உயர்ந்த தேர்ச்சி வேண்டுபவை என்பதும் அந்த அறிக்கையிலேயே உள்ளது. உணவுப் பொட்டலத்தை முதுகில் சுமந்து இருசக்கர வாகனத்தில் விரையும் இளைஞரை நகரம் தினமும் கண்ணால் காண்கிறது. அவருக்கு வெயிலில் ஒதுங்க நிழல் உண்டா, குடிக்கத் தண்ணீர் உண்டா என்ற கேள்வியாவது சில காலமாக எழுந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு கணிப்பொறிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரை யாரும் காண்பதில்லை. அவருக்கு என்ன குறை இருக்க முடியும் என்பதே பொதுவான அபிப்பிராயம்.

இந்தப் பேட்டைக்குக் கடல் கடந்த வியாபாரிகளுக்காக உழைப்பது புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் கோட்டையில் இருந்துகொண்டு துணி வாணிபம் நடத்திய காலத்தில், தறியிலிருந்து வந்த பழுப்புத் துணியைத் துவைத்து வெளுத்துத் திறந்த வெளியில் உலர்த்திக் கப்பலுக்குத் தயாராக்கிய சலவைத் தொழிலாளர்கள் குடியிருந்த இடமே இது. இன்னும் சற்று வடக்கே போனால், 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலடிப்பேட்டை. இன்று அது மெட்ரோ ரயில் நிற்கும் ஒரு நிலையம். அந்த உழைப்பாளிகளுக்கு மாதச் சம்பளம் கிடையாது. இடையிலிருந்த வணிகர்கள் வழியாக முன்பணம் வரும். முடிந்த சரக்கைக் கம்பெனியின் ஆட்கள் தரம் பார்ப்பார்கள். குறை கண்டால் கழித்துவிடுவார்கள். இன்றைய ஒப்பந்தப் பணியாளர் ஒருவரிடம் அவருடைய தொழில் எப்படி நடக்கிறது என்று கேட்டால், ஒப்பந்தத்தை ‘மைல்ஸ்டோன்’ என்ற தவணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு தவணைக்குரிய பணத்தையும் வாடிக்கையாளர் இடைத்தரகுத் தளத்தில் கட்டிவைத்த பிறகே வேலையைத் தொடங்குவதாகவும், முடித்துக் கொடுத்ததை அவர் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது தம் கணக்குக்கு விடுவிக்கப்படுவதாகவும், பிடிக்காவிட்டால் ‘ரிவிஷன்’ என்று திருப்பி அனுப்புவதாகவும் சொல்வார். முந்நூறு ஆண்டு கழிந்தும் ஏற்பாட்டின் எலும்புக்கூடு அப்படியே இருப்பதைக் காண எனக்கு வியப்பாயிருக்கிறது.

சென்னையில் கணிப்பொறித் தொழில் வளர்ந்த திசை தெற்கு. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது தொடங்கி, பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று கண்ணாடி மாளிகைகள் எழும்பிக்கொண்டே போயின. வடக்கே வாய்த்தவை மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூரின் அனல் மின் நிலையங்களும், துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளுமே. 1950 முதல் இங்கே தியாகராயர் கல்லூரி இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆனால் படித்த படிப்புக்குரிய வேலை தெற்கே வெகு தூரம் தள்ளி இருக்கிறது. 2019 பிப்ரவரி 10 அன்று மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தொட்டது. 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை நீண்டது. விமான நிலையத்துக்குச் சுலபமாகப் போய்விடலாம். சிறுசேரிக்குப் போகும் பாதையோ இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று ஆயுளைப் பேருந்தில் கழித்துச் சலித்தவர்களும், அங்கே நேர்முகத் தேர்வுகளில் தேறாது திரும்பியவர்களும், குழந்தை பிறந்ததால் வேலையை விட்ட பெண்களும், 2020-ஆம் ஆண்டு ராயபுரம் மண்டலத்தில் நோய்த்தொற்று உச்சத்தில் இருந்து தெருக்கள் தகரத்தால் அடைக்கப்பட்டபோது வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகி, பின்னர் கம்பெனி அழைத்தபோது திரும்பிப் போக மனமில்லாதவர்களுமாக, பலவிதமான நிர்ப்பந்தங்களால் இவர்கள் இத்தொழிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

வேலை கிடைக்கும் வழி பெரும்பாலும் இணையத் தளங்களே. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு தளங்கள் 2013-இன் இறுதியில் ஒன்று சேர முடிவு செய்து, 2015-இல் அப்வொர்க் என்று பெயர் பெற்றன; ஃபைவர், ஃப்ரீலான்ஸர் முதலியவையும் உண்டு. வாடிக்கையாளர் தமக்கு வேண்டிய பணியை எழுதிப் போடுவார். உலகம் முழுவதிலுமிருந்து பணியாளர்கள் இவ்வளவு தொகைக்கு இத்தனை நாளில் முடித்துத் தருகிறேன் என்று விண்ணப்பிப்பார்கள். அப்வொர்க்கில் விண்ணப்பிப்பதற்கே ‘கனெக்ட்ஸ்’ என்ற வில்லைகள் வேண்டும். இலவசமாகக் கிடைப்பது தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். வேலை கிடைத்து ஊதியம் வந்தால் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்: ஃபைவர் நூற்றுக்கு 20 எடுக்கிறது; அப்வொர்க் 2023 மே மாதத்திலிருந்து இரண்டாண்டுக் காலம் நூற்றுக்கு 10 என்று வைத்திருந்து, பிறகு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுபடும் முறைக்குப் போய்விட்டது. 2022-இன் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, புதியவர்கள் கைபழகுவதற்கு உதவியாயிருந்த சின்னச் சின்ன எழுத்து வேலைகளும் நிரல் வேலைகளும் குறைந்துவிட்டதாக இத்தொழிலில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். ஏணியின் அடிப்படிகள் கழன்றால், இனி வரும் பிள்ளைகள் எதன்மேல் கால் வைத்து ஏறுவார்கள் என்பது என்னை உறுத்தும் கவலை.

அப்வொர்க்கில் மணிக்கணக்கில் ஊதியம் பேசிய ஒப்பந்தமாயின், பணியாளர் தம் கணிப்பொறியில் தளத்தின் கண்காணிப்புச் செயலியை நிறுவிக்கொள்ள வேண்டும். பத்துப் பத்து நிமிடங்களாக நேரத்தைக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறிலும் எதிர்பாராத ஒரு கணத்தில் திரையை அது படம் பிடிக்கும்; விசைப்பலகையில் எத்தனை முறை விரல் பட்டது என்பதையும் எண்ணும். சிக்கலான ஒரு பிரச்சினையைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் சிந்திப்பவர், அந்தக் கணக்கின்படி, சும்மா இருந்தவராவார். மேஸ்திரி வெளியே போயிருக்கும் சமயம் பார்த்து ஒரு டீ குடித்து வரும் அவகாசம் பழைய ஆலைத் தொழிலாளிக்கு இருந்தது; இவருக்கு அதுவும் இல்லை. உலகப் பொது நேரத்தின்படி ஞாயிறு நள்ளிரவில், அதாவது நமக்குத் திங்கள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, வாரக் கணக்கு முடிகிறது. அதற்குப் பிறகும் பத்து நாள் கழித்தே பணம் கைக்கு எட்டும் நிலைக்கு வருகிறது.

வீட்டின் பொழுதும் இதனால் தலைகீழாகிறது. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்பது கோடையில் நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. சான் பிரான்சிஸ்கோவாயின் இரவு ஒன்பதரை அல்லது பத்தரை. அமெரிக்கர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் நவம்பர் முதல் ஞாயிறன்றும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். ஆங்கிலேயர்களோ மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் மாற்றுகிறார்கள். ஆகவே இரண்டு தேசத்திலும் வாடிக்கையாளர் உள்ள ஒருவருக்கு வருஷத்தில் சில வாரங்கள் எந்தக் ‘கால்’ எத்தனை மணிக்கு என்பதே குழப்பமாகிவிடும். குழந்தைக்குச் சோறூட்ட வேண்டிய நேரம், விருந்தாளி வரும் நேரம், கோயிலுக்குப் போகும் நேரம் எல்லாம் அந்த ஆறரை மணிக்கும் பத்தரை மணிக்கும் நடுவில்தான் இருக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கூடமும் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீடு. தாயார் எம்.சி. ரோட்டுக் கடைகளுக்காகப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறார். புடவைக்கு இவ்வளவு என்று கூலி. மகள் செயலிகளைச் சோதித்துப் பிழை கண்டு சொல்லும் ‘டெஸ்ட்டிங்’ வேலை செய்கிறாள். அவளுக்கும் பணிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கூடத்தில் சன்னலோரம் தையல் இயந்திரம். அதற்கு எதிர்ச் சுவரில், பிளாஸ்டிக் நாற்காலியும் மடிப்பு மேசையுமாக மகளின் காரியாலயம். மேசைக்கு அடியில் இன்வெர்ட்டர். சுவரில் வெளிர்நீல நிறப் போர்வையொன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். காணொளியில் பேசும்போது பின்னாலுள்ள பாத்திர அலமாரி தெரியக்கூடாது என்பதற்காக. நான் போயிருந்த மாலையில் அவள் காதில் மாட்டும் கருவியைக் கையிலெடுத்துக்கொண்டு, “அம்மா, மிஷினைக் கொஞ்சம் நிறுத்தேன், கால் வருது,” என்றாள். தாயார் மிதியிலிருந்து காலை எடுத்தார். “சீக்கிரம் பேசி முடிம்மா. காலைல பத்துப் புடவை குடுக்கணும்,” என்றார். அந்தப் பேச்சு முக்கால் மணி நேரம் நீடித்தது. தாயார் அந்த முக்கால் மணியும் ஃபால்ஸ் துணியைப் புடவைக் கரையோடு வைத்துக் குண்டூசி குத்திக்கொண்டே, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். கடற்கரைப் பக்கத்து லாரிகளின் ஹாரன் சத்தம் மட்டும் சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்ல யாரால் முடியும்?

பெரிய கம்பெனிகள் மேசைக்கும் மின்சாரத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் காவலுக்கும் செலவிடும் பணமெல்லாம், இந்த ஏற்பாட்டில், குடும்பத்தின் தலையில் விழுகிறது என்பதை அந்தக் கூடத்தில் பிரத்தியட்சமாகக் கண்டேன். அந்த முக்கால் மணியில் தாயார் இழந்த தையல் கூலி எந்த இன்வாய்ஸிலும் ஏறவில்லை. பெண்களாயின் சிரமம் மேலும் ஒரு மடங்கு. வீட்டிலிருப்பவள்தானே என்று சிலிண்டர் வாங்கி வைப்பதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும், தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தை எடுத்து வைப்பதும் அவள் பொறுப்பாகிவிடுகின்றன. சம்பாத்தியம் உண்டு என்பதற்காக எந்தக் காரியமும் குறைவதில்லை.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் மழை வடசென்னையை மூழ்கடித்தபோது, மின்சாரமும் கைப்பேசி இணைப்பும் பல இடங்களில் நாட்கணக்கில் இல்லாமற்போயின. எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து மீனவர்களின் வாழ்வையே நாசம் செய்தது. சம்பளக்காரருக்குக் கம்பெனி விடுமுறை அறிவித்தது. ஒப்பந்தக்காரருக்கு விடுமுறை கொடுக்க யாரும் இல்லை. “இங்கே வெள்ளம், இரண்டு நாள் பொறுங்கள்,” என்று ஒரு வரி அனுப்புவதற்கே வழியில்லாது, நனைந்த மொட்டைமாடியில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்கற்றை தேடியவர்கள் உண்டு. வேலை தாமதமானால் வாடிக்கையாளர் போடும் நட்சத்திரம் குறையும். நட்சத்திரம் குறைந்தால் அடுத்த ஒப்பந்தம் தூரமாகும். புயலின் பெயர் அந்தக் கணக்கில் எங்கும் பதிவாகாது.

பண விவகாரத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் பலர் இடறுவது இங்கேதான். வெளிநாட்டுப் பணம் வங்கிக்கு வரும்போது அது எதற்காக வந்தது என்பதைக் குறிக்கும் ‘பர்ப்பஸ் கோட்’ ஒன்று உண்டு. வங்கியோ பணமாற்று நிறுவனமோ தரும் அந்நிய வரவுச் சான்றை, ‘ஃபைரா’ என்று இவர்கள் சொல்வதை, ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். டாலர் ரூபாயாகும்போது சந்தை மதிப்புக்கும் கைக்கு வரும் மதிப்புக்கும் உள்ள இடைவெளியிலும் ஒரு தொகை கரையும். வருமான வரியைப் பொறுத்தவரை, 2016-இல் சேர்க்கப்பட்ட 44ஏடிஏ என்ற பிரிவு இவர்களுக்குப் பெரிய சௌகரியத்தைச் செய்தது: தகவல் தொழில்நுட்பமும் அதில் அடங்கும் தொழில்களுள் ஒன்றாதலால், வருஷத்தில் 50 லட்சம் ரூபாய் வரையில் வரவுள்ளவர், ரொக்கமாக வாங்கியது நூற்றுக்கு 5-க்கு மேற்படாவிட்டால் 75 லட்சம் வரையில் வரவுள்ளவர், மொத்த வரவில் பாதியை லாபமென்று காட்டி அதற்கு மட்டும் வரி கணக்கிட்டால் போதும், விரிவான கணக்குப் புத்தகங்கள் வேண்டியதில்லை. 2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த முறை தொடர்கிறது. முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்ட வேண்டும் என்பதை மறந்து வட்டி கட்டுபவர்கள் அநேகர். சேவை வரவு வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு அவசியம்; ஏற்றுமதிச் சேவைக்கு வரி பூஜ்யமாயினும், அதற்குரிய உறுதிமொழிப் பத்திரத்தை ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும். உள்நாட்டு வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் நூற்றுக்கு 10 வரியாகப் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். வரி விவரம் தாக்கல் செய்தால்தான் அதில் அதிகப்படி திரும்ப வரும். கம்பெனியில் இருந்தபோது இவற்றையெல்லாம் ஓர் இலாகாவே கவனித்துக்கொண்டது. இப்போது நள்ளிரவு வேலை முடித்த அதே கைதான் கவனிக்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகும், இத்தொழிலின் பெருங்குறை எது என்று கேட்டால், ஊதியம் போதாமையையோ கண் எரிச்சலையோ நான் சொல்ல மாட்டேன். காத்திருப்பையே சொல்வேன். விண்ணப்பம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, வேலை ஒப்புக்கொண்ட பின் வாடிக்கையாளர் தம் கோப்புகளை அனுப்பக் காத்திருப்பது, அவர் தூங்கி எழக் காத்திருப்பது, அனுப்பியதைப் பார்த்துச் சரி என்று சொல்லக் காத்திருப்பது, பணம் விடுபடக் காத்திருப்பது, ஓர் ஒப்பந்தம் முடிந்து மற்றொன்று வரும் வரையில் வாரக்கணக்கில் காத்திருப்பது என்று இவர்கள் வாழ்வில் பாதி காத்திருப்பிலேயே கழிகிறது. அந்த வேளைகளில் இவர்கள் சுதந்திரமாக இருப்பதாக வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். கைப்பேசியை விட்டு அகல முடியாமல், சினிமாவுக்குப் போனாலும் இடைவேளைக்கு முன்பே நான்கு முறை எடுத்துப் பார்த்துக்கொண்டு, தூக்கத்திலும் அறிவிப்பு ஒலிக்குக் காது கொடுத்துக்கொண்டு இருக்கும் நேரத்துக்குச் சுதந்திரம் என்று பெயரிட என் மனம் ஒப்பவில்லை. அது வேலையின் பகுதி. கூலி தரப்படாத பகுதி.

காத்திருப்புக்குக் கூலி கேட்பது விபரீதமாகத் தோன்றினால், நம் துறைமுகத்தின் சரித்திரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்ற நிலையில் துறைமுகத்துக் கூலிகள் விடியற்காலையில் வாயிலில் கூடி நிற்பார்கள். யாரை உள்ளே அழைப்பது என்பது மேஸ்திரிமாரின் இஷ்டம். அழைக்கப்படாதவர் வெறுங்கையோடு வீடு திரும்புவார். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வண்ணாரப்பேட்டையிலும் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அந்த அழைப்பை நம்பியிருந்தது. சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-இல், துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் சென்னைத் துறைமுகத்துக்குரிய திட்டம் 1950-களில் வந்தது. தொழிலாளர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. சுழற்சி முறையில் வேலை பகிரப்பட்டது. மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை நாள் கூலி உறுதி என்ற நியதி ஏற்பட்டது. வேலைக்கு வந்து நின்றும் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப்படி என்று ஒரு தொகை கொடுக்கப்பட்டது. வந்து நின்றதே உழைப்பு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. என்னைப் பொறுத்தவரை, நம் தேசத்துத் தொழிலாளர் சட்டங்களில் இதைவிட மனிதத்தன்மை பொருந்திய வரி அதிகமில்லை.

அந்த வரி தானாக எழுதப்பட்டுவிடவில்லை. 1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர்ப் பகுதியில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் முன்னின்று முயல, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள் கொடுத்தார். 1923-இல் சிங்காரவேலர் இந்நகரக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். ஆலையிலும் துறைமுகத்திலும் தொழிலாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் கூலி எவ்வளவு என்று மற்றவருக்குத் தெரியும். ஆகவே சேர முடிந்தது. கணிப்பொறி ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு, இரண்டு வீடு தள்ளி அதே தொழிலைச் செய்யும் மற்றொருவர் இருப்பதே தெரியாது. தெரிந்தாலும், ஒரே ஒப்பந்தத்துக்கு இருவரும் போட்டியிட்டு விலையைக் குறைத்துக்கொண்டிருக்கக் கூடும்.

சமூகமும் இவர்களை இன்னும் ஒரு தொழிலாளராக எண்ணப் பழகவில்லை. பெண் கேட்டுப் போன இடத்தில், “தம்பி எந்தக் கம்பெனியில இருக்காரு?” என்பதே முதல் கேள்வி. கம்பெனி இல்லை, சொந்தமாகச் செய்கிறார் என்றால், “அப்ப பர்மனன்ட் இல்லையா?” என்பது இரண்டாவது. மாதம் எண்பதாயிரம் வருகிறது என்று வங்கிப் புத்தகத்தைக் காட்டினாலும், அடுத்த மாதமும் வருமா என்ற ஐயத்தோடு பெண் வீட்டார் எழுந்து போவதுண்டு. அவர்களைக் குறைசொல்ல முடியாது. அந்த ஐயம் மாப்பிள்ளைக்கே உண்டு. வீட்டுக் கடன் கேட்டுப் போனால், சம்பளக்காரரிடம் சம்பளச் சீட்டும் படிவம் 16-ம் கேட்கும் வங்கி, இவரிடம் இரண்டு மூன்று வருஷத்து வரி விவரங்களைக் கேட்கிறது. ஆகையால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத முதல் வருஷத்திலிருந்தே விவரம் தாக்கல் செய்துவருவது புத்திசாலித்தனம்; பின்னாளில் வங்கி மேலாளர் எதிரே வைப்பதற்கு இவர்களிடம் உள்ள ஒரே தஸ்தாவேஜு அதுதான்.

நோய் வந்தால் நிலைமை இன்னும் கடினம். தொழிலாளர் காப்பீட்டுக் கழகமோ சேம நிதியோ இவர்களுக்கு இல்லை. பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருப்பது வடசென்னைக்குப் பெரும் பாக்கியம். ஆனால் படுத்துக் கிடக்கும் நாட்களின் வருமானத்துக்கு யார் பொறுப்பு? தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த நூற்றுக்கு 18 ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருப்பதால், சந்தா கட்டுவது முன்னைவிடக் கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. முதுமைக்கென்று பொது வருங்கால வைப்பு நிதியில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரையில் போடலாம். போடும் பழக்கம் உள்ளவர்களை நான் குறைவாகவே கண்டிருக்கிறேன், நல்ல மாதத்தில் வந்த பணம் மோசமான மாதத்துக்கே போய்விடுவதால்.

இருக்கின்ற சட்டங்களிலேயே இவர்கள் பயன்படுத்தாமல் விட்டவை உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் தொழிற்சாலைக்காரர்களுக்கு மட்டும் உரியதென்று பலர் நினைக்கிறார்கள். சேவை செய்பவரும், ஒற்றை ஆளாயினும், உத்யம் தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். அவ்வாறு பதிந்தவருக்கு இந்தியாவில் உள்ள வாடிக்கையாளர் 45 நாளுக்கு மேற்படாமல் பணம் தந்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். இணையத்தின் வழியாக மாநிலத்திலுள்ள வசதிக் குழுவிடம் முறையிடலாம். ‘பேமென்ட் அடுத்த வாரம்’ என்று மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் உள்ளூர் வாடிக்கையாளரிடம் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி ஒரு கடிதம் எழுதிய மாத்திரத்தில் பணம் வந்ததை எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார். ஆயினும் கடல் கடந்த வாடிக்கையாளரை இந்தச் சட்டம் தொடாது.

2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, எஜமான் தொழிலாளி என்ற மரபு உறவுக்கு வெளியே உழைப்பவரையும் பெயர் சொல்லி அங்கீகரிக்கிறது. இடைத்தரகுத் தளங்கள் தங்கள் ஆண்டு வியாபாரத்தில் நூற்றுக்கு 1 முதல் 2 வரையில், பணியாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் நூற்றுக்கு 5-க்கு மேற்படாமல், ஒரு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. எந்தெந்தத் தளங்கள் என்று சொல்லும் அதன் அட்டவணையில் வாடகைக் காரும் உணவு விநியோகமும் மட்டுமல்லாமல், தொழில்முறைச் சேவைகளை வழங்கும் தளங்களும் இடம்பெற்றிருக்கின்றன. அந்த ஒரு சொற்றொடருக்குள் எம்.சி. ரோட்டுப் பின்சந்தின் பெண்ணும் அடங்க வேண்டும். வெளிநாட்டில் பதிவு பெற்ற தளத்திடமிருந்து அந்தத் தொகையை எப்படி வசூலிப்பது, தளமே இல்லாமல் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்பவரை எந்தப் பதிவேட்டில் சேர்ப்பது என்பவை விதி எழுதுவோர் விடை காண வேண்டிய வினாக்கள். 2023 சுதந்திர தினத்தன்று முதலமைச்சர் அறிவித்தபடி தமிழ்நாட்டில் அமைந்த இணையத் தளப் பணியாளர் நல வாரியம், சாலையில் உழைப்போரை மனத்திற்கொண்டு பிறந்தது. அறைக்குள் உழைப்போருக்கும் அதன் கதவைத் திறந்துவிடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அதுவரையில் செய்யக்கூடிய ஒன்று இந்தப் பேட்டைக்குள்ளேயே இருக்கிறது. தியாகராயர் கல்லூரியிலும் சுற்றுப்புறக் கல்லூரிகளிலும் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தருகிறோம். ஒப்பந்தத்தைப் படிக்கவும், கோப்பு வரத் தாமதமானால் காத்திருக்கும் நாளுக்கும் இவ்வளவு என்று அதில் ஒரு ஷரத்து சேர்க்கவும், இன்வாய்ஸ் எழுதவும், அந்நிய வரவுச் சான்றைப் பத்திரப்படுத்தவும், உத்யமில் பதியவும் யாரும் கற்றுத்தருவதில்லை. பத்து வருஷம் இத்தொழிலில் அடிபட்டவர்கள் அதே தெருக்களில் இருக்கிறார்கள். பகலில் அவர்களுக்கு வேலையும் இல்லை. கல்லூரிகள் அவர்களை அழைத்து, அவர்கள் எடுக்கும் வகுப்புக்கு உரிய ஊதியமும் கொடுத்து, வருகிற பருவத்திலேயே இதை ஆரம்பித்துவிடலாம்.